உதவிக்குக் கொடுத்த குரல்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒருவர் தன் நண்பரோடு தொலைபேசியில் பேசுவதை அந்த நண்பருக்குச் சொல்லாமல் பதிவு செய்தால் அது குற்றம். ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். அதே ஆள், அதே போனில், நடு இரவில் அப்பா மூச்சுவிடவில்லை என்று அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்துக் கதறினால் அந்தக் கதறல் அவரைக் கேட்காமலேயே பதிவாகிறது, அரசு ஆவணமாகிறது. பெயர், எண், முகவரி போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டு, விண்ணப்பித்துக் கேட்கும் தொலைக்காட்சிக்கு அந்தப் பதிவைக் கொடுக்க மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம் வழிசெய்கிறது.

சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒட்டுக்கேட்புச் சட்டமும் 911 ஏற்பாடும் வெவ்வேறு பயங்களிலிருந்து முளைத்தவை. ஒட்டுக்கேட்கும் காவல்துறை மீதான பயம் ஒன்று. தீயணைப்பு வண்டி நேரத்துக்கு வந்து சேராதோ என்ற பயம் மற்றொன்று. 1967இல் குற்றத் தடுப்பு குறித்து ஜனாதிபதி ஜான்சன் அமைத்த ஆணையம் தந்த அறிக்கையில் இரண்டு பயங்களுமே இருந்தன: ஒட்டுக்கேட்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றது, அவசர உதவிக்கு ஒரே எண் வேண்டும் என்றும் சொன்னது. மறு ஆண்டே இரண்டும் நடந்தன. அதன் பிறகு ஒவ்வொன்றும் தன் வழியில் வளர்ந்தது. ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்டுக் கொடுக்கும் குரலும் இடமும், உதவி வந்து சேர்ந்த பிறகு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மட்டும் இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது.

யாருடைய ஒப்புதல்?

அமெரிக்க ஒட்டுக்கேட்புச் சட்டத்தின் கதை ஒரு சாராயக் கடத்தல்காரரிடமிருந்து தொடங்குகிறது. ராய் ஓம்ஸ்டெட் சியாட்டில் நகரக் காவல்துறையில் லெப்டினன்டாக இருந்தவர். மதுவிலக்குக் காலத்தில் கடத்தலுக்கு மாறிப் பெரும் பணம் பார்த்தார். மத்திய அரசின் ஆட்கள் அவர் வீட்டுக்குள் நுழையவில்லை. வெளியே தெருவில் போன கம்பியில் இணைப்புக் கொடுத்துப் பல மாதங்கள் கேட்டார்கள். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, எந்தப் பொருளையும் கைப்பற்றவில்லை, ஆகவே சோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று 1928இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி பிராண்டைஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்புதான் இன்று சட்டக் கல்லூரிகளில் அதிகம் படிக்கப்படுகிறது. எதிர்காலத்தில் இழுப்பறையைத் திறக்காமலேயே அதிலுள்ள காகிதங்களைப் படிக்கும் வழிகள் அரசுக்குக் கிடைக்கும் என்று அவர் அப்போதே எச்சரித்திருந்தார்.

அவர் கட்சி வெல்ல 39 ஆண்டுகள் ஆயின. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து மயாமிக்கும் பாஸ்டனுக்கும் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார் சார்லஸ் காட்ஸ். எஃப்.பி.ஐ. கூண்டின் வெளிப்பக்கம் ஒலிவாங்கியைப் பொருத்தியது. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவருக்கு, தன் பேச்சு வெளியே போகாது என்று நம்ப உரிமை உண்டு என்றது 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1968 ஜூனில் வந்த கூட்டரசுச் சட்டம் இதன்மேல் கட்டப்பட்டது.

அந்தச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது. பேசுபவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டால் பதிவு செய்யலாம். அந்த ஒருவர் பதிவு செய்பவராகவே இருக்கலாம். குற்றம் செய்யவோ ஒருவருக்குத் தீங்கிழைக்கவோ அதைச் செய்யக் கூடாது, அவ்வளவுதான். மூன்றாம் ஆளின் காதைத்தான் அது ஆபத்தாகக் கண்டது. எதிர்முனையில் இருப்பவர் உங்கள் பேச்சை ஊரெல்லாம் சொல்லக்கூடியவராக இருந்தால் அது நீங்கள் ஏற்றுக்கொண்ட அபாயம் என்பது அதன் வாதம். பெரும்பாலான மாநிலங்கள் இதையே பின்பற்றுகின்றன. கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, பென்சில்வேனியா, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், வாஷிங்டன் என்று பத்துக்குச் சற்று மேற்பட்ட மாநிலங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே பேசுகிற எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சரியான எண்ணிக்கையில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதற்குக் காரணம், சில மாநிலங்கள் தொலைபேசிக்கு ஒரு விதியும் நேருக்கு நேர் பேச்சுக்கு இன்னொரு விதியும் வைத்திருப்பதுதான். இல்லினாய் மாநிலத்தின் சட்டமோ மிகக் கடுமையாக இருந்ததாலேயே 2014இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் திருத்திய சட்டம் ஒன்று வந்தது.

லிண்டா டிரிப் விவகாரம் இதை நாடறியச் செய்தது. ஜனாதிபதி கிளின்டனுடன் தனக்கிருந்த உறவைப் பற்றி மோனிகா லெவின்ஸ்கி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, டிரிப் தன் மேரிலாந்து வீட்டிலிருந்து பதிவு செய்துகொண்டிருந்தார். அந்த நாடாக்கள் ஒரு ஜனாதிபதியைப் பதவிநீக்க விசாரணை வரை கொண்டுபோயின. ஆனால் மேரிலாந்து எல்லாருடைய ஒப்புதலையும் கேட்கும் மாநிலம். 1999இல் டிரிப் மீதே குற்றச்சாட்டு பதிவானது, 2000இல் கைவிடப்பட்டது. அவர் வாழ்ந்த இடம் ஆற்றுக்கு அப்பால் வர்ஜீனியாவாக இருந்திருந்தால் வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

மாநில எல்லை தாண்டும் அழைப்புக்கு எந்தச் சட்டம்? ஜார்ஜியாவில் ஒருவர் ஒப்புதல் போதும். அங்கிருந்த ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் அலுவலகம், கலிஃபோர்னிய வாடிக்கையாளர்களின் பேச்சை அவர்களுக்குச் சொல்லாமல் பதிவு செய்தது. கலிஃபோர்னியாவில் வாழ்பவருக்குக் கலிஃபோர்னியாவின் பாதுகாப்பு உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2006இல் முடிவு சொன்னது. நிறுவனம் பழைய அழைப்புகளுக்கு இழப்பீடு தர வேண்டாம், இனிமேல் தெரிவித்தாக வேண்டும் என்றது. கலிஃபோர்னியச் சட்டப்படி ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் கேட்டு வழக்குத் தொடரலாம் என்பதால் நிறுவனங்கள் மிகக் கடுமையான மாநிலத்தின் விதியையே நாடு முழுக்கப் பின்பற்றத் தொடங்கின. வங்கியையோ விமான நிறுவனத்தையோ அழைத்தால் முதலில் காதில் விழும் ‘இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்’ என்ற குரலுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இரவு முழுக்கக் கண்விழித்து அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவர்களின் அழைப்புகளுக்கும் அந்தக் குரலே முன்னுரை. அதைக் கேட்டும் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தால் ஒப்புதல் தந்ததாகப் பொருள். வேறு வழியில்லாதவர் தரும் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு என்று யாரும் அதிகம் கேட்பதில்லை.

அந்தக் குரலுக்கு முன்னோடி ஒரு ‘பீப்’ ஒலி. 1947இல் எஃப்.சி.சி. எனப்படும் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம், தொலைபேசியில் பதிவுக் கருவியை இணைப்பதானால் ஏறத்தாழ பதினைந்து வினாடிக்கு ஒரு முறை ஒலி எழுப்ப வேண்டும் என்று விதித்தது. சட்டப் புத்தகம் படிக்காதவருக்கும் புரியும் விதி அது. 2024 அக்டோபரில் ஐஃபோனில் அழைப்புப் பதிவு வசதி வந்தபோது, பதிவு தொடங்குவதை இருபுறமும் கேட்கும்படி ஒரு குரல் அறிவித்தது. ஐம்பது மாநிலங்களின் சட்டங்களை ஆராய்ந்து கொண்டிருப்பதைவிட ஒரே அறிவிப்போடு முடித்துக்கொள்வது நிறுவனத்துக்கு எளிது. இந்தியாவில் நிலைமை வேறு. அரசு ஒட்டுக்கேட்பதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. ஆனால் பேசுகிறவரே தன் அழைப்பைப் பதிவு செய்வதைத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. 2025 ஜூலையில், மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்த நாடாவை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது அதே நீதிமன்றம். தாம்பத்தியம் அந்த அளவுக்கு வந்துவிட்ட பிறகு அந்தரங்கம் எங்கே மிச்சம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். எனக்கு அது முழுதாக ஏற்புடையதாகப் படவில்லை. நம்பிக்கை எப்போது முறிந்தது என்பதை, பதிவுப் பொத்தானை முதலில் அழுத்தியவரே முடிவு செய்துகொள்ள அது இடம் தருகிறது.

முகவரியைக் கேட்ட தொலைபேசி

1968 பிப்ரவரி 16. அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூர். ஏ.டி.&டி. நிறுவனம் 911ஐ அவசர எண்ணாக அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய நிறுவனத்தை முந்திவிட வேண்டும் என்று உள்ளூர்த் தொலைபேசி நிறுவனம் அவசர அவசரமாகக் கம்பிகளை இணைத்தது. மாநில சட்டமன்ற அவைத் தலைவர் ராங்கின் ஃபைட் நகரத் தலைவரின் அலுவலகத்திலிருந்து 911 என்று சுழற்றினார். காவல் நிலையத்தில் சிவப்புத் தொலைபேசியை எடுத்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில். லண்டனில் 999 வந்து அப்போது முப்பது ஆண்டு கடந்திருந்தது. விம்போல் தெருத் தீ விபத்தில் ஐந்து பெண்கள் இறந்த பிறகு, 1937இல் வந்த எண் அது.

தொடக்கத்தில் 911க்கு எதுவும் தெரியாது. யார் அழைக்கிறார், எங்கிருந்து என்பதை அழைப்பவரே சொல்ல வேண்டும். வாய் பேச முடியாதவருக்கும், ஒளிந்துகொண்டு அழைப்பவருக்கும், முகவரி தெரியாத குழந்தைக்கும் அது பயன்படவில்லை. எழுபதுகளிலிருந்து மேம்பட்ட 911 வந்தது. அழைப்போடு எண்ணும் கூடவே வரும். அந்த எண்ணை வைத்துத் தரவுத்தளம் முகவரியைத் தேடி எடுத்து, அழைப்பை ஏற்பவரின் திரையில் காட்டும். எந்த அழைப்பு எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அந்த முகவரியே தீர்மானிக்கும்.

இதில் ஒரு சிக்கல்: திரையில் காட்டுவதற்கு முதலில் முகவரி என்று ஒன்று இருக்க வேண்டும். அமெரிக்கக் கிராமப்புறத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு இருந்தது ‘இரண்டாவது கிராமத் தபால் வழி, 41ஆம் பெட்டி’ என்பது போன்ற தபால்காரருக்கு மட்டும் புரியும் குறிப்பு. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அது பயனில்லை. ஆகவே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மாவட்டம் மாவட்டமாகத் தெருக்களுக்குப் பெயர் சூட்டி, வீடுகளுக்கு எண் ஒட்டினார்கள். மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதிகளில் இந்த வேலை இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அங்கே சிலர் எதிர்த்தார்கள். அரசு நம்மைக் கண்டுபிடிக்க இது வசதி செய்துகொடுக்கும் என்றார்கள். அவர்களைப் பட்டிக்காட்டான்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. நடந்ததைப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது. 911க்காகக் கொடுத்த முகவரியில்தான் இன்று பார்சல் வருகிறது, வங்கிக் கடன் கடிதம் வருகிறது, நீதிமன்ற அழைப்பாணையும் வருகிறது.

செல்போன் வந்ததும் இந்தக் கட்டுமானம் அத்தனையும் ஆட்டம் கண்டது. போனுக்கு வீடு இல்லை. 1996இல் எஃப்.சி.சி. இரண்டு கட்டமாக ஒரு திட்டம் போட்டது. முதல் கட்டத்தில் அழைத்தவரின் எண்ணும் அருகிலிருந்த டவரும் தெரிய வேண்டும். இரண்டாம் கட்டத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, பின்னர் திருத்தியபடி ஐம்பது முதல் முந்நூறு மீட்டர் வரையிலான துல்லியத்தில் கிடைக்க வேண்டும். சோளக்காட்டு நடுவில் முந்நூறு மீட்டர் பரவாயில்லை. மன்ஹாட்டனில் முந்நூறு மீட்டருக்குள் ஒரு சிற்றூரே குடியிருக்கும், அதுவும் நாற்பது மாடியில். உயரத்தையும் சொல்ல வேண்டும், மூன்று மீட்டர் துல்லியத்தில் சொல்ல வேண்டும் என்ற விதி வந்தது 2019இல்தான். டாக்ஸி கூப்பிடும் செயலிக்கு நீங்கள் எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று தெரிகிறது, 911க்குத் தெரியவில்லையே என்று அமெரிக்கர்கள் பல ஆண்டு புலம்பினார்கள். புலம்பலில் நியாயம் இருந்தது. போன் தன் இடத்தைத் தானே கணக்கிட்டு வைத்திருந்தது. ஆனால் 911 கேட்டது போனை அல்ல, தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பை. அவசர அழைப்பின்போது போனே தன் இடத்தை அனுப்பும் முறை பிரிட்டனில் 2014இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஆப்பிள் போன்கள் அப்படித் தரத் தொடங்க 2018 ஆனது. தாமதத்துக்குத் தொழில்நுட்பத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நாட்டில் சுமார் ஆறாயிரம் அழைப்பு மையங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் மாவட்ட நிர்வாகத்தின் கீழ். ஆண்டுக்கு ஏறத்தாழ 24 கோடி அழைப்புகளை அவை ஏற்கின்றன. ஒவ்வொரு தொலைபேசிக் கட்டணத்திலும் 911க்கென்று ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டதாக நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களின் பெயரை எஃப்.சி.சி. வெளிப்படையாகவே அறிக்கையில் போட்டிருக்கிறது. பணக்கார மாநிலங்கள் அவை.

இத்துறையின் விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாவு இருக்கிறது, அல்லது மயிரிழையில் தப்பிய உயிர். 2005 தொடக்கத்தில் ஹூஸ்டனில் கொள்ளையர்கள் தன் பெற்றோரைச் சுட்டபோது ஒரு பதின்வயதுப் பெண் 911ஐ அழைத்தாள். அந்த வீட்டில் இருந்தது இணையவழித் தொலைபேசி. அழைப்பு அவசர மையத்துக்குப் போகவில்லை. சில மாதங்களில் இணையத் தொலைபேசிக்கும் 911 கட்டாயமானது. 2013 டிசம்பரில் டெக்ஸஸ் மாநிலம் மார்ஷல் நகரில் ஒரு விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற பெண்ணைப் பிரிந்து வாழ்ந்த கணவர் குத்திக் கொன்றார். ஒன்பது வயது மகள் நான்கு முறை 911ஐ அழுத்தினாள். விடுதித் தொலைபேசிகளில் வெளியழைப்புக்கு முதலில் இன்னொரு 9ஐ அழுத்த வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமும் அல்ல அது. விடுதி, அலுவலகம் எங்கும் 911 நேரடியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற கேரி சட்டம் 2018 பிப்ரவரி 16 அன்று கையெழுத்தானது, ஹேலிவில்லின் முதல் அழைப்புக்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து. அதற்கடுத்த மாதம் வந்த ரே பாம் சட்டம், கட்டடத்தின் முகவரியோடு மாடி, அறை எண் வரை அனுப்பச் சொன்னது.

911 வலையமைப்பு இணையவழிக்கு மாறும்போது புதிய வகை ஆபத்துகளும் சேர்கின்றன. 2014 ஏப்ரலில் கொலராடோவில் இருந்த ஒரு மையத்தின் கணினியில் அழைப்புகளுக்கு வரிசை எண் கொடுக்கும் நிரல் அதன் உச்சவரம்பைத் தொட்டு நின்றுபோனது. ஆறு மணி நேரம், ஏழு மாநிலங்கள், 6,600க்கும் மேற்பட்ட அழைப்புகள் எங்கும் போய்ச் சேரவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் அழைத்தவருக்குக் கொலராடோ எங்கே குறுக்கே வந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இடம் கைமாறும்போது

911க்கு இடத்தைத் தருவதற்குத் தொலைபேசி நிறுவனத்துக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி கொடுத்தது. 911ஐ நாடு முழுமைக்குமான எண்ணாக அறிவித்த அதே சட்டம், வாடிக்கையாளரின் இடத்தகவலை அவருடைய வெளிப்படையான முன் ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது, அவசர அழைப்பு அதற்கு விலக்கு என்று எழுதியது. ஒட்டுக்கேட்புச் சட்டத்தின் மரபும் 911 மரபும் ஒரே வாக்கியத்தில் சந்தித்த அபூர்வமான இடம் இது.

ஆனால் ஆபத்தில் இருப்பவர் தானே அழைக்காவிட்டால்? 2007இல் கேன்சஸ் மாநிலத்தில் பதினெட்டு வயது கெல்சி ஸ்மித் ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் கடத்தப்பட்டார். அவரிடம் போன் இருந்தது. போன் நிறுவனத்திடமிருந்து இடத்தகவல் கிடைக்க நான்கு நாள் ஆனது. கிடைத்த சிறிது நேரத்தில் உடல் கிடைத்தது. உயிராபத்தில் தகவல் கொடுக்கலாம் என்று மத்தியச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. கொடுக்கலாம் என்றால் கொடுக்காமலும் இருக்கலாம். கேன்சஸ் தொடங்கிப் பல மாநிலங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் பெயரில் சட்டம் செய்தன. 2018இல் கார்பென்டர் வழக்கில், ஒருவருடைய பழைய டவர் பதிவுகளைக் காவல்துறை கேட்க நீதிமன்றத்தின் சோதனை ஆணை வேண்டும் என்று சொன்ன உச்ச நீதிமன்றமும், உயிராபத்து நிலைமைகளுக்குக் கதவைத் திறந்தே வைத்தது.

இதெல்லாம் நல்ல நோக்கத்தோடு இயற்றப்பட்ட சட்டங்கள். இதற்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. பெரிய தொலைபேசி நிறுவனங்கள் வாடிக்கையாளரின் இடத்தகவலை இடைத்தரகர்களுக்கு விற்க, அது கைமாறிக் கைமாறி, ஜாமீனில் ஓடியவர்களைப் பிடித்துக்கொடுத்துக் காசு வாங்கும் ஆட்கள் வரை போயிருந்தது. 2019இல் மதர்போர்ட் இதழ் இதை வெளியிட்டது. விற்கப்பட்டவற்றில், அவசர அழைப்புக்காகவே உருவாக்கிய மிகத் துல்லியமான இடத்தகவலும் இருந்தது என்று அந்த இதழ் அடுத்து எழுதியது. 2024 ஏப்ரலில் எஃப்.சி.சி. நான்கு நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ 20 கோடி டாலர் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது, வேறு இரண்டு உறுதிசெய்தன. தவறு நடந்ததா என்பதைவிட, அபராதம் விதிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே அங்கு பெரிய வாதமானது. மேற்கு வர்ஜீனிய மலைக்காரர்கள் அரசைப் பார்த்துத்தான் பயந்தார்கள். கடையில் விற்பனைக்கு வரும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்காது.

நாடா யாருக்கு?

குரலின் கதை இன்னும் சிக்கலானது. வாஷிங்டன் மாநிலம் எல்லாருடைய ஒப்புதலையும் கேட்கும் மாநிலம் என்றேன். அந்தச் சட்டத்துக்குள்ளேயே விலக்கு இருக்கிறது: தீ, மருத்துவ அவசரம், குற்றம் போன்றவற்றைத் தெரிவிக்கும் அழைப்பைப் பதிவு செய்ய ஒருவர் ஒப்புதல் போதும். காரணம் தெளிவு. அழைப்பவர் பதற்றத்தில் தெருப்பெயரைக் குழறிவிடுவார்; மையத்தில் இருப்பவர் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். தவறு நடந்தால் யாருடையது என்று பிறகு விசாரிக்க வேண்டும். இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

அங்கிருந்து நாடா எங்கே போகிறது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. 911 பிறந்த அலபாமாவில் 2010 முதல் ஒலிப்பதிவு வெளியே போக நீதிமன்ற உத்தரவு தேவை. பென்சில்வேனியாவிலும் சாதாரணமாகத் தருவதில்லை. பொதுநலன் மேலோங்குகிறது என்று அதிகாரியோ நீதிமன்றமோ முடிவு செய்தால் உண்டு. ஃபுளோரிடா கொடுக்கிறது.

கொடுப்பதற்கும் வலுவான வாதம் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்களில் சிக்கியவர்கள் 911ஐ அழைத்தபோது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று பலருக்குச் சொல்லப்பட்டது. எல்லாரும் வெளியேற வேண்டும் என்று தீயணைப்புத் தலைவர்கள் முடிவெடுத்திருந்தது தொலைபேசியில் பதில் சொன்னவர்களுக்குத் தெரியவில்லை. நியூயார்க் டைம்ஸும் இறந்தவர்களின் குடும்பங்கள் சிலவும் வழக்குத் தொடர்ந்தன. 2005இல் நியூயார்க்கின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவழி ஒன்றைக் கண்டது: அரசு ஊழியர் பேசியது மக்களுக்குச் சொந்தம், இறந்துகொண்டிருந்தவர் பேசியது அவர் குடும்பத்துக்கு. 2006 மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்ட அழைப்புகள் வெளியாயின, அழைத்தவர்களின் குரல் அழிக்கப்பட்டு. பதில்கள் மட்டும் கேட்டன. பாதி உரையாடலில் அரசின் தவறு முழுதாகத் தெரியுமா என்ற ஐயம் நியாயமானதே. ஆனாலும் இதுவரை எவரும் கண்ட வழிகளில் இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு பேசியவரையும் உயிருக்காகப் பேசியவரையும் ஒரே ஆவணம் என்று ஒரு கோப்பில் போட்டு மூடாத தீர்ப்பு அது.

கனெக்டிகட்டின் நியூடவுன் பள்ளியில் 2012 டிசம்பரில் இருபது குழந்தைகளும் ஆறு ஊழியர்களும் கொல்லப்பட்டபோது பள்ளிக்குள்ளிருந்து வந்த அழைப்புகள் ஓராண்டு வழக்குக்குப் பின் முழுமையாக வெளியாயின. சில தொலைக்காட்சிகள் அவற்றை ஒலிபரப்பவில்லை. ஒலிபரப்பலாமா என்ற முடிவைச் சட்டம் செய்தி ஆசிரியரின் மனசாட்சியிடம் விட்டுவிட்டது, மனசாட்சி உள்ள ஆசிரியர்கள் எல்லா இடத்திலும் இருப்பார்கள் என்பதுபோல. அதே 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் டிரேவான் மார்ட்டின் என்ற பதினேழு வயதுப் பையன் சுடப்பட்டபோது, பக்கத்து வீட்டுக்காரர் 911க்குச் செய்த அழைப்பின் பின்னணியில் யாரோ உதவி கேட்டு அலறுவது பதிவாகியிருந்தது. அலறியவர் அந்த அழைப்பைச் செய்தவர் அல்ல. அவர் ஒப்புதல் என்ற பேச்சே இல்லை. அந்தக் குரல் யாருடையது என்று நாடே விவாதித்தது. அரசுத் தரப்பின் குரல் நிபுணர்களை நீதிபதி அனுமதிக்கவில்லை. சுடப்பட்டவரின் தாயும் சுட்டவரின் தாயும் அது தன் பிள்ளையின் குரல் என்று சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார்கள்.

அழைத்தவரையே அவர் குரல் சிக்கவைப்பதும் உண்டு. ஓஹியோவில் ஓர் ஊரின் துணைக் காவல் தலைவர் ஒருவர் நூறு அழைப்புகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து, 911ஐ அழைப்பவர் பேசும் விதத்தை வைத்தே அவர் கொலையாளியா என்று சொல்லிவிடலாம் என்று ஒரு முறை பரவியது. கேள்விக்கு ‘என்ன?’ என்று திரும்பக் கேட்டால் சந்தேகம். தேவையில்லாத விவரம் சொன்னால் சந்தேகம். நாடெங்கும் காவலர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கப்பட்டது. பின்னர் எஃப்.பி.ஐ. ஆய்வாளர்கள் சோதித்தபோது அந்த முடிவுகள் உறுதிப்படவில்லை. 2022இல் புரோபப்ளிகா இதழ், வழக்கு மன்றங்களில் இது எப்படிக் கள்ளத்தனமாக நுழைந்தது என்று விரிவாக எழுதியது. பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்போது தாய் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு ஒரு இலக்கணம் இருப்பதாக நம்பினால்தான் இந்த ஜோசியத்தை நம்ப முடியும்.

உச்ச நீதிமன்றம் ஒரு முறை இந்தப் பிரச்சினைக்கு மிக அருகில் வந்தது. 2006இல் முடிவான டேவிஸ் வழக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் எழுந்ததுதான். முன்னாள் காதலன் அடிக்கிறான் என்று ஒரு பெண் 911இல் சொன்னார். பிறகு நீதிமன்றத்துக்கு வரவில்லை. நாடாவை மட்டும் வைத்து அவனைத் தண்டிக்கலாமா? குறுக்கு விசாரணைக்கு ஆள் இல்லையே? நடந்துகொண்டிருக்கும் ஆபத்திலிருந்து காப்பாற்றச் சொல்லிப் பேசியது சாட்சியம் ஆகாது, ஆகவே அதை ஏற்கலாம் என்றது நீதிமன்றம். ஆபத்து நீங்கிய பிறகும் கேள்விகள் தொடர்ந்தால் அந்த நொடியிலிருந்து அது வாக்குமூலம். அதற்குக் குறுக்கு விசாரணை வேண்டும் என்றும் சொன்னது. ஒரே அழைப்பின் நடுவே ஒரு கோடு. உதவி கேட்ட பேச்சு எங்கே முடிகிறது என்று குற்ற வழக்கில் நீதிபதிகளால் அடையாளம் காண முடிகிறது என்றால், பொது ஆவணச் சட்டத்திலும் இடத்தகவல் சட்டத்திலும் அதைச் செய்ய முடியாதா? அந்தக் கோட்டை அங்கே வரைய மாநிலங்கள் முயலவில்லை.

இதற்கு நேரெதிரான வழியை எடுத்த ஒரு எண் இருக்கிறது. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கான 988, 2022 ஜூலை 16 முதல் நாடு முழுக்கச் செயல்படுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் அது அழைப்பவரின் எண்ணிலுள்ள பகுதிக் குறியீட்டை வைத்தே அழைப்பை அனுப்பியது. சிகாகோவில் போன் வாங்கிச் சியாட்டிலில் வாழ்பவருக்கு இல்லினாயிலிருந்து ஆறுதல் வந்தது. 911 போல இடத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டவர்களுக்கு எதிராகப் பலர் நின்றார்கள். மனநோய்க்கு உதவி கேட்டதும் துப்பாக்கியோடு போலீஸ் வாசலில் நிற்பதை அனுபவித்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்தப் பயம் இருந்தால் யாரும் அழைக்கவே மாட்டார்கள் என்றார்கள். 2024 அக்டோபரில் எஃப்.சி.சி. எடுத்த முடிவு இந்தத் தயக்கத்தை மதித்தது. அழைப்பு இனி போன் இருக்கும் வட்டாரத்தின் மையத்துக்குப் போகும்; ஆனால் துல்லியமான இடம் மையத்தின் திரைக்கு வராது. அழைப்பவர் இந்தக் கணமே உயிரை மாய்த்துக்கொள்வார் என்று ஆலோசகர் அஞ்சினால் மட்டும், 988இன் கணக்குப்படி நூற்றில் இரண்டுக்கும் குறைவான அழைப்புகளில், அவர் 911ஐ நாடுகிறார். அதற்குப் பிறகுதான் போன் நிறுவனத்திடம் இடம் கேட்கப்படுகிறது. தேடிப் போவது யார், சீருடைக் காவலரா மனநல ஊழியரா என்பது இன்னும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது.